பள்ளி ஆண்டில் பிள்ளைகளின் உடல்நலமும் பாதுகாப்பும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜூன் மாதம் பள்ளி திறப்பது முதல் ஏப்ரலில் முழுஆண்டுத் தேர்வு முடிவது வரை, தமிழ்நாட்டுப் பெற்றோர் மருத்துவரிடமும் ஆசிரியரிடமும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஒன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளை மனத்தில் வைத்து விடைகள் எழுதப்பட்டுள்ளன. பள்ளியில் நடப்பதில் பெரும்பகுதி பிள்ளை வாய் திறந்து சொன்னால்தான் வீட்டுக்குத் தெரியும் என்பதையும், சொன்னால் திட்டு விழும் என்று பயந்த பிள்ளை சொல்லாது என்பதையும் இவற்றில் பல இடங்களில் காண்பீர்கள்.

காலையில் உடம்பு லேசாகச் சுடுகிறது. மருந்து கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பலாமா?

அனுப்பக் கூடாது. காலை ஏழரை மணிக்குக் கொடுத்த பாராசிட்டமால் மதிய இடைவேளைக்கு முன்பே வேலை செய்து தீர்ந்துவிடும். அதன் பிறகு பிள்ளை மேசையில் தலை சாய்த்துக் கிடக்கும். ஆசிரியர் உங்களைத் தொலைபேசியில் அழைப்பார். அதற்குள் அதே பெஞ்சில் இருப்பவர்களுக்கும் தொற்றியிருக்கும். மருந்து கொடுக்காமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் அனுப்பலாம் என்பது பொதுவான அளவுகோல். வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் அவை நின்று 48 மணி நேரம் கழியட்டும். வெறும் சளியும் லேசான இருமலும்தான், பிள்ளை வழக்கம்போல் சாப்பிட்டு ஓடியாடுகிறது என்றால் வீட்டில் நிறுத்த வேண்டியதில்லை.

ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத மாணவருக்கு ஆண்டு விழாவில் பரிசளிக்கும் வழக்கம் பல பள்ளிகளில் இன்னும் இருக்கிறது. நல்ல எண்ணத்தில் தொடங்கியதுதான். ஆனால் காய்ச்சலோடு வந்து உட்கார்ந்த பிள்ளைக்கும் அதே பரிசுதான் கிடைக்கிறது என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் யாராவது எடுத்துச் சொல்லலாம்.

காய்ச்சல் மருந்தை எவ்வளவு கொடுப்பது? போன ஆண்டு கொடுத்த அளவே போதுமா?

அளவைத் தீர்மானிப்பது பிள்ளையின் எடை. வயதையோ போன ஆண்டின் நினைவையோ நம்பக் கூடாது. ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் என்பது ஒரு வேளைக்கான பாராசிட்டமால் அளவு. இரு வேளைகளுக்கு இடையில் நான்கிலிருந்து ஆறு மணி நேர இடைவெளி வேண்டும். ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் போகக் கூடாது.

தவறு நேர்வது பெரும்பாலும் பாட்டிலில்தான். மருந்துக் கடையில் ஒரே நிறத்தில், ஒரே அளவு அட்டைப்பெட்டியில் கிடைக்கும் திரவ மருந்தில் இரண்டு வீரியங்கள் உண்டு: ஒன்றில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம், மற்றொன்றில் 5 மில்லிக்கு 250 மில்லிகிராம். 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 300 மில்லிகிராம் தேவை. அது 250 பாட்டிலில் 6 மில்லி. 120 பாட்டிலில் 12.5 மில்லி. பாட்டில் மாறியது தெரியாமல் 250 மருந்தைப் பழைய கணக்கில் 12.5 மில்லி ஊற்றினால் தேவையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் உள்ளே போகும். நாலு வேளையும் இப்படியே தொடர்ந்தால் கல்லீரல் பாதிக்கப்படலாம். கைக்குழந்தைக்கான சொட்டு மருந்து இன்னும் அடர்த்தியானது. அதில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். ஆகவே பாட்டிலை வாங்கியதும் அதிலுள்ள எண்ணைப் படித்துவிட்டு, அன்றைய எடைக்கான மில்லி அளவை ஒரு சிறு காகிதத்தில் எழுதிப் பாட்டிலிலேயே ஒட்டிவிடுங்கள். சமையலறைக் கரண்டியால் அளக்க வேண்டாம். சளி மருந்துகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும் என்பதால் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

இருமல் மருந்து வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். 2025-ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுப்பொருள் கலந்திருந்தது சோதனையில் தெரியவந்தது. அதைத் தொடர்ந்து, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதித் தரக் கூடாது என்றும், ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொதுவாக அவை பரிந்துரைக்கத்தக்கவை அல்ல என்றும் மத்தியச் சுகாதாரத் துறை மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது.

அந்த நச்சு கலக்காத இருமல் மருந்தும் பெரிய பயனைத் தருவதில்லை. சாதாரணச் சளி இருமல் தானாகவே அடங்கும். வெதுவெதுப்பான நீரும், ஒரு வயதைக் கடந்த பிள்ளைக்கு இரவில் ஒரு தேக்கரண்டித் தேனும் போதும். மூச்சு வாங்கும்போது விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளிழுத்தாலோ, மூச்சில் விசில் சத்தம் கேட்டாலோ அது கடை மருந்துக்கான நேரம் அல்ல. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மழைக்காலக் காய்ச்சல் டெங்குவா என்று எப்படி அறிவது?

வீட்டில் இருந்தபடி உறுதி செய்ய முடியாது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் அதையொட்டிய வாரங்களிலும், இரண்டு நாளைத் தாண்டிய எந்தக் காய்ச்சலுக்கும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. முடிவு வரும் வரை பாராசிட்டமால் தவிர வேறு வலிநிவாரணி எதுவும் கூடாது. ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் போன்றவை இரத்தக் கசிவை அதிகப்படுத்தக்கூடும்.

டெங்குவில் பெற்றோர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ காய்ச்சல் இறங்கும். அப்பாடா என்று எல்லாரும் மூச்சு விடுவார்கள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் பேச்சும் எழும். ஆபத்தான கட்டம் தொடங்குவதே பெரும்பாலும் அப்போதுதான். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசிவதால் இரத்த அழுத்தம் விழுகிறது. காய்ச்சல் விட்ட பிறகு அடுத்த இரண்டு நாட்களில் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கைகால் சில்லிடுதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, வழக்கத்துக்கு மாறான சோர்வு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் காத்திருக்க வேண்டாம். நிலவேம்புக் குடிநீர் கொடுக்க விரும்புவோர் கொடுக்கலாம்; ஆனால் அதைக் கொடுத்துவிட்டோம் என்பதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப் போடக் கூடாது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். நல்ல நீரில் முட்டையிடும். முட்டை கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் ஆகும் என்பதால், வாரத்துக்கு ஒரு நாள் குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, பூந்தொட்டித் தட்டு, மொட்டை மாடியில் கிடக்கும் தேங்காய் ஓடு, பழைய டயர் ஆகியவற்றைக் கவிழ்த்துவிட்டாலே சுழற்சி அறுந்துவிடும். இரவுக்குக் கொசுவலை கட்டும் நாம், பகலெல்லாம் பிள்ளை அரைக்கால் சட்டையில் வகுப்பறையில் இருப்பதை மறந்துவிடுகிறோம்.

வயிற்றுப்போக்கின்போது கடையில் கிடைக்கும் பாட்டில் பானங்கள் கொடுக்கலாமா?

ஓ.ஆர்.எஸ். எனப்படும் உப்புச் சர்க்கரைக் கரைசலுக்கு ஈடாகக் கொடுக்கக் கூடாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி அமையாத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. அவற்றில் சர்க்கரை அதிகம். அது போக்கைக் கூட்டவே செய்யும். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் முழுவதும் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். கால் பொட்டலத்தை டம்ளரில் போட்டுக் கலக்கினால் உப்பின் அளவு கூடவோ குறையவோ செய்யும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

அம்மை, பொன்னுக்கு வீங்கி, மெட்ராஸ் ஐ வந்தால் எத்தனை நாள் விடுப்பு?

சின்னம்மை என்றால் எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்கு தட்டும் வரை. பொன்னுக்கு வீங்கி என்றால் கன்னம் வீங்கிய நாளிலிருந்து ஐந்து நாட்கள். மெட்ராஸ் ஐ என்றால் கண்ணில் நீரும் பீளையும் நிற்கும் வரை. முன்பு யாருக்கோ எழுதித் தந்த கண் சொட்டு மருந்தை இதற்கு ஊற்ற வேண்டாம், அதில் ஸ்டீராய்டு இருந்தால் கண்ணுக்குக் கேடு. வாசலில் வேப்பிலை கட்டுவதில் ஒரு தீங்கும் இல்லை. அம்மை போட்ட பிள்ளையைக் குளிப்பாட்டவே கூடாது என்பதுதான் தவறு. வெதுவெதுப்பான நீரில் ஊற்றி, துடைக்காமல் ஒற்றி எடுத்தால் அரிப்பும் சீழ் பிடிப்பதும் குறையும். அம்மைக்கும் ஆஸ்பிரின் கூடாது.

தலையில் பேன். பள்ளியில் சொல்ல வேண்டுமா?

சொல்லுங்கள். பேன் அழுக்கினால் வருவதல்ல, தலையோடு தலை உரசுவதால் வருவது. பேன் மருந்தை ஒரு முறை தடவி, பேன் முட்டைகள் பொரிந்து வரும் நேரமான ஏழு முதல் பத்து நாளில் மறுமுறையும் தடவாவிட்டால் முதல் முறை செய்தது வீண். ஈரத் தலையில் பேன் சீப்பால் வாரும் பாட்டியின் வழி இன்றும் செல்லும்.

பிள்ளை பள்ளியில் தண்ணீரே குடிப்பதில்லை. என்ன செய்வது?

முதலில், ஏன் குடிப்பதில்லை என்று கேட்க வேண்டும். மாலையில் புத்தகப் பையிலிருந்து வெளியே எடுக்கும் தண்ணீர் பாட்டில்தான் அன்றைய உடல்நல அறிக்கை. அது காலையில் நிரப்பியபடியே கனமாக இருந்தால், மறதி என்று எண்ணி விட்டுவிட வேண்டாம். பெரும்பாலும், குறிப்பாகப் பெண் பிள்ளைகளிடம், அதற்குப் பின்னால் கழிப்பறை இருக்கிறது. நாற்றம், தாழ்ப்பாள் இல்லாத கதவு, வாளியில் நீர் இல்லாமை, வகுப்பு நடுவே அனுமதி கேட்டால் முறைக்கும் ஆசிரியர், பத்து நிமிட இடைவேளையில் நீளும் வரிசை ஆகிய இவற்றுக்கெல்லாம் பிள்ளை கண்டுபிடிக்கும் ஒரே தீர்வு, குடிக்காமல் இருந்துவிடுவது. காலை எட்டு மணிக்கு வீட்டில் போனது. பிறகு மாலை ஐந்து மணிக்குச் செருப்பைக்கூடக் கழற்றாமல் கழிப்பறைக்கு ஓடுகிறது. இப்படி ஓடி வருவதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளும் வீடுகள் உண்டு. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், மதியத் தலைவலி ஆகியவற்றின் தொடக்கம் அந்த ஓட்டத்தில் இருக்கலாம். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போவது, எரிச்சல், அடிவயிற்று வலி, இரவில் மறுபடி படுக்கையை நனைக்கத் தொடங்குவது ஆகியவை தெரிந்தால் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள்.

வகுப்பு நேரத்தில் தண்ணீர் குடிப்பதற்கென்றே மணி அடிக்கும் முறையைக் கேரளப் பள்ளிகள் 2019-இல் தொடங்கின. தமிழ்நாட்டிலும் 2025-இல் அது அறிமுகமானது. மணி அடிப்பது நல்லதுதான். ஆனால் குடித்த தண்ணீர் வெளியேற இடம் இல்லாத பள்ளியில் மணிக்குப் பயன் குறைவு. அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போட்டுவிட்டு நேரே மாணவர் கழிப்பறைக்குச் சென்று பாருங்கள். விருந்தினர் கழிப்பறையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம்.

பாட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை: மூடியின் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தை ஊசியால் நெம்பி எடுத்துப் பாருங்கள். பாசியோ கருப்புப் பூசணமோ இருக்கும். நான் முதன்முறையாக எடுத்துப் பார்த்தது, பாட்டில் வாங்கிப் பத்து மாதம் கழித்து.

பெண் பிள்ளைக்குப் பள்ளியில் வைத்து முதல் மாதவிடாய் வந்துவிட்டால்?

ஒன்பது வயது ஆனதும் இதைப் பற்றிப் பேசிவிடுங்கள். பையின் ஓர் அறையில் ஒரு நாப்கினும் மாற்று உள்ளாடையும் இருக்கட்டும். தமிழ்நாட்டில் புதுயுகம் திட்டத்தின் கீழ் வளரிளம் பெண்களுக்கு நாப்கின் இலவசமாகத் தரப்படுகிறது. ஆசிரியரிடம் கேட்பதில் வெட்கமில்லை என்பதை வீட்டில் சொல்லி அனுப்புவதுதான் முக்கியம்.

பள்ளியில் தரும் குடற்புழு மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் நம்பிச் சாப்பிட விடலாமா?

விடலாம். தேசியக் குடற்புழு நீக்க நாள் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலுமாக ஆண்டுக்கு இரு முறை வருகிறது. 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரை ஒன்றை மென்று விழுங்க வேண்டும். குடலில் புழு அதிகமுள்ள பிள்ளைக்குச் சற்று நேரம் குமட்டலோ வயிற்று வலியோ வரலாம். அதை மாத்திரை ஒவ்வாமை என்று தவறாக எண்ணி மறுமுறை தடுத்துவிடுகிறோம். அன்று காய்ச்சலோடு இருக்கும் பிள்ளை, விடுபட்டவர்களுக்கான நாளில் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

இரும்புச்சத்து மாத்திரை வாரத்துக்கு ஒன்று: ஐந்து முதல் பத்து வயதினருக்கு இளஞ்சிவப்பு, அதற்கு மேற்பட்ட வளரிளம் வயதினருக்கு நீலம். வெறும் வயிற்றில் கூடாது. மதிய உணவுக்குப் பிறகு நல்லது. மலம் கருப்பாகப் போவது இயல்பு. முன்பின்னாக ஒரு மணி நேரம் தேநீர், காபி தவிர்க்க வேண்டும். அதே மூச்சில் தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் பாருங்கள்: ஐந்து வயதில் டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி) ஊக்க ஊசியும், 10, 16 வயதுகளில் டிடி (ரண ஜன்னி, தொண்டை அடைப்பான்) ஊசியும் உண்டு. கடைசி இரண்டும் எளிதில் மறந்துபோகிறவை.

டிபன் பெட்டியில் எது கெடாது? பள்ளி வாசலில் விற்பதை வாங்கித் தரலாமா?

காலை ஆறரைக்கு அரைத்த தேங்காய்ச் சட்னி மதியம் பன்னிரண்டரைக்குப் புளித்து நுரைத்துவிடும். எள்ளுப் பொடியும் நல்லெண்ணெயும் அதைவிட மேல். சோற்றைச் சுடச்சுட அடைத்து மூடினால் மூடியில் நீர் கோத்து அதுவே கெடுக்கும். ஆவி அடங்கட்டும். அரசு தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மாநிலம் முழுவதுமுள்ள அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. அங்கே சாப்பிடும் பிள்ளையை அதற்காகக் கேலி செய்யும் பேச்சு வீட்டில் இருக்கக் கூடாது.

வாசல் கடைகளைப் பொறுத்தவரை, கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. நிறமூட்டும் ரோடமின்-பி கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது. கண்ணைப் பறிக்கும் நிறமே எச்சரிக்கை என்று பிள்ளைக்குச் சொல்லித் தாருங்கள். கொய்யாவும் மாங்காய்த் துண்டும் வேண்டுமானால், வீட்டில் நறுக்கி மிளகாய்த் தூள் தூவி அனுப்பினால் கடைக்கான ஏக்கம் பாதி தீரும்.

பள்ளி வேனில் அனுப்புகிறோம். எதைக் கவனிப்பது?

2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அதன் பின்னரே பள்ளிப் பேருந்துகளுக்கான தனி விதிகளைத் தமிழ்நாடு அரசு அதே ஆண்டில் கொண்டுவந்தது. வண்டிக்கு உதவியாளர் ஒருவர், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அவசர வழி, முதலுதவிப் பெட்டி ஆகியவை அதன்படி கட்டாயம். உதவியாளர் இல்லாத வண்டியில் ஏற்ற வேண்டாம். இறங்கிய பிள்ளை அதே வண்டியின் முன்னாலோ பின்னாலோ கடக்கும் அந்தச் சில நொடிகள்தான் மிக ஆபத்தானவை. ஓட்டுநரின் இருக்கையிலிருந்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் தலை தெரியாது. வண்டி நகர்ந்து போகும் வரை பிள்ளை உங்கள் கையில் இருக்கட்டும்.

நீங்களே இருசக்கர வண்டியில் கொண்டுவிடுவதானால், நான்கு வயதைக் கடந்த பிள்ளைக்கும் தலைக்கவசம் சட்டப்படி வேண்டும். பத்தாம் வகுப்பு மகன் வண்டி எடுத்துப் போனால், பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். அவனுக்கு 25 வயது வரை உரிமமும் கிடைக்காது.

தெருநாய் கீறியது என்கிறான். காயம் பெரிதாக இல்லை. ஊசி தேவையா?

தேவை. பல் பட்டாலும் நகம் கீறி இரத்தம் கசிந்தாலும் வெறிநோய்க்கு வாய்ப்பு உண்டு. அறிகுறி தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது அரிதிலும் அரிது. முதல் வேலை, ஓடும் குழாய் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவது. மஞ்சள், காபித் தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம். பிறகு அரசு மருத்துவமனை. அங்கே தோலுக்குள் போடும் ஊசி இலவசம்: முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்கள். இரத்தம் வந்த காயத்துக்கு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் மருந்தைக் காயத்தைச் சுற்றிலும் செலுத்த வேண்டும். அதைக் கேட்டுப் பெறுங்கள்.

நாயோடு விளையாடாதே என்று முன்பே திட்டு வாங்கிய பிள்ளை, நாய் கடித்ததை மறைத்துவிடும். வேலிக்கம்பி கீறியது என்று சொல்லும். அதனால் நாயைப் பற்றிப் பேசும்போதெல்லாம், கடித்தால் உடனே சொல், அடிக்க மாட்டேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொன்னபடி நடந்துகொள்ளவும் வேண்டும்.

ஆசிரியரோ வேறு யாரோ தவறாகத் தொட்டதாகப் பிள்ளை சொன்னால்?

நம்புங்கள். ‘நீ ஏன் அங்கே போனாய்’ என்ற கேள்வியைக் கேட்காதீர்கள். நடந்ததைப் பிள்ளையின் சொற்களிலேயே ஒரு முறை கேட்டு, மீண்டும் மீண்டும் துருவாமல், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவியுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம்; தலைமையாசிரியருக்கும் இது பொருந்தும். ஆகவே ‘பள்ளியின் பெயர் கெடும், பேசித் தீர்த்துக்கொள்ளலாம்’ என்று யாரும் சொன்னால், அவர் சட்டத்தை மீறச் சொல்கிறார் என்று பொருள். பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாமல், இயன்றவரை பெண் அதிகாரி பதிவு செய்ய வேண்டும். பெயரும் படமும் வெளிவரக் கூடாது. மனநல ஆலோசனைக்கும் பள்ளி தொடர்பான புகார்களுக்கும் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண் உண்டு.

பள்ளிக் கட்டடம் உறுதியானதா என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டா?

உண்டு. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் தீயில் இறந்தார்கள். கூரை கீற்றால் வேயப்பட்டிருந்தது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அரசுப் பள்ளியானால் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரே இருக்க வேண்டும். விரிசல் விட்ட சுவரையும் தொங்கும் மின்கம்பியையும் அங்கே எழுத்தில் கொடுங்கள். தனியார் பள்ளியானால் கட்டட உறுதிச் சான்றும் தீயணைப்புத் துறைச் சான்றும் நடப்பில் உள்ளனவா என்று கேளுங்கள்.

பள்ளியில் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் எங்களுக்கு எப்படித் தெரியவரும்?

சேர்க்கைப் படிவத்தில் நீங்கள் எழுதிக் கொடுத்த எண்ணுக்குத்தான் பள்ளி அழைக்கும். இடையில் சிம் மாறியிருக்கலாம், ரீசார்ஜ் தீர்ந்திருக்கலாம், அப்பாவின் எண் வெளிநாட்டில் இருக்கலாம். மாணவர் கையேட்டின் முதல் பக்கத்தில் இரண்டு எண்களாவது, அதில் ஒன்று பள்ளிக்கு அரை மணி நேரத்தில் வந்து சேரக்கூடிய சித்தியோ தாத்தாவோ பக்கத்து வீட்டாரோ என்று எழுதுங்கள். அதன் கீழே இரத்த வகை, வலிப்பு, ஆஸ்துமா, ஒவ்வாத மருந்தின் பெயர். பிறகு ஒரு நாள் மதியம் பள்ளி அலுவலகத்துக்குப் போய், பதிவேட்டில் இருக்கும் எண்ணை அவர்களையே ஒரு முறை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.